லாபம் இருக்கு, சனிக்கிழமை சம்பளத்துக்கு காசு இல்லையா? நாள் கணக்கு போட்டு பாருங்க

திருப்பூர் பக்கம் சின்ன பனியன் யூனிட் வெச்சிருக்கவங்க நிறைய பேர் இதைத்தான் சொல்றாங்க, ஆடிட்டர் லாபம்னு காட்டுறாரு ஆனா சனிக்கிழமை வந்தா சம்பளம் போட கைமாத்து வாங்க வேண்டியிருக்குன்னு. பணம் நடுவுல மாட்டிக்கிட்டு நிக்குதுங்க, எத்தனை நாள் நிக்குதுன்னு கண்டுபிடிக்கணும்.

மூணு நம்பர் எடுங்க. நூல் வாங்கி நிட்டிங், சாயப்பட்டறை, கட்டிங், தையல், பேக்கிங் முடிஞ்சு லாரி ஏற 40 நாள்னு வைங்க. பில் போட்டு பணம் வர 60. நூல்காரர் உங்களுக்கு குடுக்கிற தவணை 30. முதல் ரெண்டையும் கூட்டி 30ஐ கழிச்சா 70 நாள். ஒரு நாள் செலவு 50,000னா 35 லட்சம் முடங்கி கிடக்கு, 10 சதவீத வட்டின்னா வருஷத்துக்கு 3.5 லட்சம் அதுக்கே போகுது. கூலிக்கு தவணை கிடையாதுல்ல, அதனால நிஜத்துல இன்னும் கூடத்தான் வரும். ஆர்டர் டபுள் ஆச்சுன்னா இதுவும் 70 லட்சம் ஆகும், பெரிய ஆர்டர் எடுக்கிறதுக்கு முன்னாடி இதை கட்டாயம் போட்டு பாருங்க.

குறைக்க சுலபமான இடம் அந்த 60 தான். உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசு பதிவு) பண்ணின குறு, சிறு உற்பத்தி யூனிட்டுக்கு உள்நாட்டு பார்ட்டி 45 நாளுக்குள்ள பணம் தரணும், எழுத்துல ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாள்தான், இதுக்குன்னு 2006ல வந்த குறு, சிறு, நடுத்தர தொழில் சட்டமே இருக்கு. தாண்டினா ரிசர்வ் வங்கி பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு கூட்டு வட்டி. அதோட லேட்டா தர்ற தொகையை, குடுக்கிற வருஷத்துலதான் அவங்க வரிக்கணக்குல செலவா காட்ட முடியும், அதை பதமா எடுத்துச் சொன்னாலே பாதி பேர் இறங்கி வருவாங்க. 45க்கு வந்தா 7.5 லட்சம் உங்க கைக்கு திரும்பிடும்.

பில்லுல உத்யம் நம்பரும் பணம் வரவேண்டிய தேதியும் பெரிசா அடிங்க. நான் கணக்கு பாக்குற ஒரு யூனிட்ல தேதியே இல்லாம வெறும் "60 டேஸ்"னு போட்டிருந்தாங்க, வாங்கினவங்க சரக்கை செக்கிங் முடிச்ச நாள்ல இருந்து எண்ணியிருக்காங்க, 12 நாள் அதுலயே போச்சு.

90 நாள் தாண்டின பாக்கியை பொதுவா பேங்க் டிராயிங் பவருக்கு (சரக்கையும் பாக்கியையும் வெச்சு நீங்க எடுத்துக்கக்கூடிய கடன் அளவு) சேக்காது, அதனால மாசாமாசம் பேங்க்ல சரக்கு, பாக்கி கணக்கை காட்டுற ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் குடுக்கிறதுக்கு முன்னாடி 75 நாள் ஆன பில்லை எல்லாம் தனியா எடுத்து வெச்சு அன்னைக்கே போன் போட்டுருங்க.