சக்கர நாற்காலியோடு காட்டுப் பக்கம்: பெங்களூருவிலிருந்து சிறுபிள்ளைகளுடன் புறப்படும் பெற்றோருக்கு

பெங்களூருவில் வாழும் நம் குடும்பங்கள் விடுமுறை நாளில் நந்தி மலைக்கோ மேகேதாட்டுவுக்கோ புறப்படும்போது, நடக்க இயலாத பிள்ளையைப் பாட்டியின் பொறுப்பில் வீட்டில் விட்டுச் செல்வதும், அழைத்துச் சென்றாலும் காருக்குள்ளேயே உட்கார வைத்துவிடுவதும் வழக்கமாகிவிட்டது. இந்த வழக்கம் மாறவேண்டுமானால், இடத்தை முடிவுசெய்த பிறகு அந்தப் பிள்ளையை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று யோசிக்காமல், அந்தப் பிள்ளையை மனத்தில் வைத்தே இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குறைந்த தூரம், நிழல், அவசரமில்லாத பொழுது ஆகிய மூன்றும் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு எவ்வளவு தேவையோ, அதே அளவு மூன்று வயதுத் தங்கைக்கும் தேவை.

முதல் பயணத்திற்கு நான் பரிந்துரைப்பது மத்தூருக்கு அருகிலுள்ள கொக்கரே பெள்ளூர் கிராமம். திருநெல்வேலிப் பக்கத்துக் கூந்தன்குளத்தைப் போலவே இங்கும் கூழைக்கடாக்களும் மஞ்சள்மூக்கு நாரைகளும் ஊருக்குள் வீடுகளை ஒட்டிய மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. ஊர்மக்கள் அவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகிறார்கள். மேடு ஏறாமல், புதருக்குள் நுழையாமல், தெருவில் நாற்காலியை நிறுத்திக்கொண்டே குஞ்சுக்குத் தாய்ப்பறவை இரையூட்டுவதைப் பார்க்கலாம் என்பதால், எல்லாப் பிள்ளைகளும் ஒரே காட்சியை ஒரே நேரத்தில் காணக்கூடிய அரிய இடம் இது. தை, மாசி மாதங்களில், வெயில் ஏறுவதற்கு முன் காலையிலேயே போய்ச் சேருவது நல்லது. எச்சத்தின் நெடி கடுமையாக இருக்கும். வாசனையைத் தாங்க முடியாத பிள்ளையானால் இதை முன்கூட்டியே சொல்லித் தயார்ப்படுத்துங்கள், அனைவருக்கும் தொப்பி அணிவியுங்கள்.

அடுத்ததாக ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்துள்ள ரங்கனதிட்டுவுக்குச் செல்லலாம். 1940இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தக் காவிரித் தீவுகளைப் படகிலிருந்தே பார்க்கலாம். பாறைகளில் முதலைகள் வெயில் காய்வதும் தெரியும். ஆனால் தலையைத் தானாக நிமிர்த்திப் பிடிக்க முடியாத பிள்ளைக்குச் சாதாரண மிதவைச் சட்டை போதிய பாதுகாப்பாகாது, ஏனெனில் அது உடலை மிதக்க வைத்தாலும் முகத்தைத் தண்ணீருக்கு மேலே நிறுத்தும் என்று உறுதி கூற முடியாது. அத்தகைய பிள்ளையைக் கரையிலிருந்தே பறவை பார்க்க வைப்பதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. சுழல்களுக்குப் பேர்போன மேகேதாட்டுவைச் சிறுபிள்ளைகளுடன் தவிர்த்துவிடுங்கள்.

புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில் பெங்களூருவின் லால்பாக் பூங்காவில் ஒரு காலைப்பொழுது ஒத்திகை பாருங்கள். அங்குள்ள ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமையான பாறையின் அடிவாரம் வரை சென்று வந்தாலே, பிள்ளை எவ்வளவு நேரம் அலுப்பின்றி உட்காருகிறது, எந்தக் குலுக்கலில் முகம் சுளிக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

மருத்துவமனைகளில் பயன்படும் வகை நாற்காலியின் முன்சக்கரங்கள் சிறியவை என்பதால் மணலிலும் சரளையிலும் புதைந்து நின்றுவிடும். அப்போது முன்னோக்கித் தள்ளப் போராடாமல், நாற்காலியைப் பின்புறமாகச் சற்றே சாய்த்து, பெரிய சக்கரங்கள் மட்டும் தரையில் படும்படி பின்னோக்கி இழுத்துச் செல்லுங்கள். செங்குத்தான இறக்கத்திலும் நாற்காலியைத் திருப்பிப் பின்புறமாகவே இறக்க வேண்டும். இல்லையேல் பிள்ளை முன்னால் சரிந்து விழும். இடுப்புப் பட்டையும் மார்புப் பட்டையும் கட்டாயம் வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகள் பலருக்கு உடற்சூடும் வலியும் சொல்லத் தெரியாது. ஆகவே அரைமணிக்கு ஒருமுறை கழுத்தையும் முதுகையும் தொட்டுப் பார்த்து, தண்ணீர் கொடுத்து, உட்காரும் நிலையை மாற்றி வையுங்கள்.

பல குடும்பங்கள் வெளியே கிளம்பாமல் இருப்பதற்கு உண்மையான காரணம் கழிப்பறை. எட்டு வயதுப் பிள்ளைக்கு டயப்பர் மாற்றப் படுக்கவைக்கும் மேடை எந்தச் சுற்றுலா இடத்திலும் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கடைகளில் கிடைக்கும் மடக்குக் கூடாரம் ஒன்று, தடித்த பாய் ஒன்று, தண்ணீர்க் கேன் ஒன்று, மூடியிட்ட குப்பைப்பை ஒன்று ஆகியவற்றை வண்டியில் நிரந்தரமாக வைத்துக்கொண்டால், பிள்ளையின் மானமும் காக்கப்படும், உங்கள் பதற்றமும் அடங்கும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலரைத் தண்ணீர் ஈர்க்கும். ஆற்றங்கரையில் ஒரு பெரியவர் வேறெந்த வேலையுமின்றி அந்தப் பிள்ளையை மட்டுமே கவனிக்க வேண்டும். சட்டையின் உட்புறம் கைபேசி எண்ணைத் தைத்து வையுங்கள். வலிப்பு வருமானால், மருத்துவர் எழுதித் தந்த அவசர மருந்து வண்டியில் அல்லாமல் உங்கள் தோள்பையிலேயே இருக்கட்டும். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108ஐ அழைக்கத் தயங்காதீர்கள். போகும் வழியில் பெரிய மருத்துவமனை எங்கே இருக்கிறது என்பதை முந்தைய இரவே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

உடன்பிறந்த பிள்ளைகளை நாள் முழுவதும் உதவியாளர்களாக்கிவிடக் கூடாது. தாத்தாவோ சித்தியோ நாற்காலிக்கு அருகில் இருக்கும் அரைமணி நேரத்தில், அக்கா அப்பாவுடன் ஓடியாடி வரட்டும்; பிறகு அந்தப் பெரியவர்கள் இடம் மாற்றிக்கொள்ளட்டும்.

இரவு தங்கும் பயணத்தை இவற்றிற்கெல்லாம் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். விடுதிக்குத் தொலைபேசியில் கேட்டால், வாசலில் சரிவுப் பாதை இருப்பதை மட்டும் வைத்து எல்லா வசதியும் உண்டு என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே நாற்காலியின் அகலத்தை அளந்து சொல்லி, குளியலறைக் கதவின் அகலத்தை அளக்கச் சொல்லுங்கள். படிகள், கட்டிலின் உயரம், கழிப்பறை வகை ஆகியவற்றின் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கேளுங்கள். நெபுலைசர் போன்ற கருவி தேவைப்படும் பிள்ளையானால், மின்சாரம் போனால் ஜெனரேட்டர் இரவு முழுவதும் ஓடுமா என்று கேட்டு, தெளிவான பதில் கிடைத்த பிறகே முன்பணம் செலுத்துங்கள்.