சிடி டிரைவ் வாயைத் திறக்கவில்லையா? முதலில் கத்தியைக் கீழே வையுங்கள்

"இந்தக் காலத்தில் யார் சிடி போடுகிறார்கள்?" என்று கேட்பவர்கள் எங்கள் குன்னூருக்கு ஐப்பசி மழையில் ஒருமுறை வந்து பார்க்கவேண்டும். நாலு நாள் வெளியே தலைகாட்ட முடியாது. அப்போதுதான் அலமாரியில் கிடக்கும் கல்யாண டிவிடி, குழந்தையின் முதல் பிறந்தநாள் சிடி எல்லாம் ஞாபகத்துக்கு வரும். போட்டால் உள்ளே போய்விடும். திரும்பி வராது. மழை விட்டதும் சிபியுவைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வருவார்கள்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து (படுகர் ஊரிலிருந்து) ஓர் அம்மா, சிபியுவைச் சால்வையில் சுற்றி பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். சிடி வைக்கும் ட்ரேயின் முகப்பு பிளாஸ்டிக் எலி கடித்த மாதிரி இருந்தது.

"கத்தியை விட்டு நெம்பினீங்களாம்மா?"

"நான் இல்லப்பா, எங்க வீட்டுக்காரர். வேண்டாம்னு சொன்னேன், கேட்டாத்தானே."

உள்ளே இருந்தது மகன் கல்யாண சிடி. ட்ரேயில் படம் போட்ட பக்கம் மேலே இருக்கும்படிதானே சிடியை வைக்கிறோம்? ட்ரேயின் மேல் இடுக்கில் நுழையும் கத்தி அந்தப் பக்கத்தைத்தான் உரசும். பலரும் நினைப்பதற்கு மாறாக, சிடிக்கு உயிர் அங்கேதான் இருக்கிறது. தகவல் பதிந்த படலம் படம் போட்ட பக்கத்தை ஒட்டி, மெல்லிய பூச்சுக்குக் கீழே இருக்கிறது. பளபளக்கும் அடிப்பக்கத்தில் கீறல் விழுந்தால் தேய்த்துச் சரிசெய்ய வழி உண்டு. மேல்பக்கம் உரிந்தால் போனது போனதுதான். டிவிடி பரவாயில்லை, அதில் படலம் இரண்டு தகடுகளுக்கு நடுவில் இருக்கும். டிரைவ் கெட்டால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கல்யாணத்தை எங்கே போய் வாங்குவது?

சரி, கத்தியை வைத்தாயிற்று. அடுத்து, பட்டனை அழுத்தி வரவில்லை என்றதும் டிரைவ் போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள். அந்தப் பட்டன் கதவுத் தாழ்ப்பாள் இல்லை, வெறும் விண்ணப்பம். டிஸ்க்கை ஏதாவது புரோகிராம் படித்துக்கொண்டிருந்தால் கம்ப்யூட்டர் ட்ரேயைப் பூட்டி வைத்திருக்கும். வீடியோ ஓடும் ஜன்னலை மூடிவிட்டு, திரையில் டிரைவ் படத்தின்மேல் ரைட் கிளிக் செய்து எஜெக்ட் கொடுத்துப் பாருங்கள். அதற்கும் மசியவில்லையா, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் வருவதற்கு முன் கம்பெனி லோகோ தெரியும் நேரத்தில் பட்டனை அழுத்துங்கள். அப்போது பூட்டி வைக்க எந்தப் புரோகிராமும் இருக்காது. கடைக்கு வருகிற டிரைவ்களில் கணிசமானவை இப்படியே திறந்துவிடும். அதற்குக் காசு வாங்கக் கூச்சமாக இருக்கும்.

யுஎஸ்பியில் மாட்டும் வெளி டிரைவ் என்றால் வயரைப் பாருங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் தரும் கரண்ட் 500 மில்லி ஆம்பியர். அதையும், ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் ஹப்பில் பென் டிரைவ், மவுஸ் எல்லாவற்றோடும் பங்கு போட்டால் ட்ரேக்கு மிஞ்சாது. நேராகக் கம்ப்யூட்டரிலேயே மாட்டுங்கள்.

எதற்கும் அசையாவிட்டால் ஜெம் கிளிப் வைத்தியம். முகப்பில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை இருக்கும், இதற்காகவே வைத்தது. ஜெம் கிளிப்பை நிமிர்த்தி அதில் நேராக விட்டு, தடுக்கும் இடத்தில் நிதானமாக அழுத்தினால் ட்ரே கொஞ்சம் வெளியே வரும். மீதியைக் கையால் இழுத்துக்கொள்ளலாம். லேப்டாப் டிரைவில் 'டிக்' என்று கொக்கி விடுபட்டு, தானே எட்டிப்பார்க்கும்.

இவ்வளவு எளிய வேலையில் எத்தனை விதமாகத் தப்பு செய்ய முடியும் என்பதைப் பதினெட்டு வருஷமாகப் பார்த்துவிட்டேன். விளக்குமாற்று ஈர்க்கை விடுவார்கள், அது உள்ளேயே முறியும். தையல் ஊசியை விடுவார்கள், அது கைநழுவி உள்ளே விழும். பழைய டிரைவ்களில் ஹெட்போன் மாட்டவும் ஒரு ஓட்டை உண்டு. அதில் குத்தியவர்களும் இருக்கிறார்கள். எல்லாவற்றையும்விட மோசம், கரண்ட் இருக்கும்போதே குத்துவது. 52 எக்ஸ் வேக டிரைவில் சிடி நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று வரை சுழலும். ஷட் டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, ஒரு நிமிடம் பொறுங்கள். அப்புறம் கிளிப்பை எடுங்கள்.

உள்ளே மோட்டார் 'விர்ர்' என்று சத்தம் போடுகிறது, ட்ரே மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் பெல்ட் கோளாறு. டெஸ்க்டாப் டிரைவில் மோட்டாரிலிருந்து பல்சக்கரத்துக்கு விரல் மோதிரம் அளவுக்கு ஒரு ரப்பர் பெல்ட் போகும். நாளானால் தளர்ந்து, வழவழப்பாகி வழுக்கும். டிஸ்க்கைப் பிடித்திருக்கும் காந்தத்தை முதலில் விடுவித்தால்தான் ட்ரே நகரும். அந்த முதல் இழுப்புக்குத்தான் பெல்ட்டுக்குத் தெம்பு இருக்காது. குளிரில் ரப்பர் விறைக்கும், கிரீஸ் இறுகும். தலைக்குந்தா பக்கம் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் ஜனவரிக் காலையில் திறக்காத டிரைவ், மதியம் வெயில் ஏறியதும் ஒன்றும் நடக்காததுபோலத் திறப்பது அதனால்தான். அதற்காகச் சிபியுவை அடுப்போரம் வைக்காதீர்கள், ஹேர் டிரையரால் ஊதாதீர்கள். அறை வெதுவெதுப்பாகும்வரை பொறுத்தால் போதும்.

பெல்ட்டுக்குப் பதிலாகக் காசுக்கட்டில் போடும் ரப்பர் பேண்டை மாட்டினால் கொஞ்ச நாள் ஓடும், பிறகு அறுந்து பல்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். எண்ணெய் விடுவது இன்னும் கெடுதல். தேங்காய் எண்ணெயோ தையல் மிஷின் எண்ணெயோ பெல்ட்டில் பட்டால் இன்னும் வழுக்கும், லென்ஸில் பட்டால் டிரைவ் டிஸ்க்கைப் படிக்காது. மூடியைக் கழற்றி, கரண்ட் கொடுத்துப் பார்ப்பதும் வேண்டாம். சிடியைப் படிக்கும் லேசர் 780 நானோமீட்டர் அகச்சிவப்பு. கண்ணுக்குத் தெரியாது, அதனால் கண் கூசி இமை மூடவும் மூடாது.

சிக்கியதற்குக் காரணம் டிஸ்க்காகவும் இருக்கலாம். பெயர் எழுதி ஒட்டிய காகித ஸ்டிக்கர் எங்கள் ஊர் ஈரத்தில் ஓரம் கிளம்பி, உள்ளே மாட்டிக்கொள்ளும். சிடியில் நேராக எழுதுவதே மேல், அதற்கென்றே விற்கும் மார்க்கரில்.

டிஸ்க் கைக்கு வந்ததும் "இப்போ சரியாயிடுச்சா பார்ப்போம்" என்று அதையே திரும்ப உள்ளே தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். சோதிக்க வேறு ஏதாவது பாட்டு சிடி கிடைக்காதா? கோத்தகிரி அம்மாவின் சிடியை வேறு டிரைவில் போட்டேன். ஓரத்தில் கீறல், முழுதாக வரவில்லை. தாலி கட்டும் இடம் வந்தது, பந்தி வரவில்லை. வந்த வரைக்கும் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். "பந்தி போனா போகட்டும், அதுல எங்க வீட்டுக்காரர்தான் பத்து தடவை வந்துட்டுப் போனாரு" என்றார்.