கல்யாண போட்டோகிராபி சலிக்காமல் இருக்க

தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதங்கள் வந்து போய்க்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று வருடத்தில் பல போட்டோகிராபர்களுக்கு எல்லாக் கல்யாணமும் ஒரே கல்யாணமாகத் தெரிய ஆரம்பித்துவிடும். அதே மேடை, அதே எல்இடி சுவர், அதே வரிசையில் ஏறி இறங்கும் சொந்தக்காரர்கள். புது லென்ஸ் வாங்கினால் சலிப்பு ஒரு மாதம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். முழுதாகத் தீர இரண்டு காரியம் வேண்டும். உடம்பும் கணக்கும் தாங்கும்படி வேலையை அமைத்துக்கொள்வது ஒன்று. எடுக்கும் படம் யாருக்கு, எதற்கு என்று ஆள் ஆளாகத் தெரிந்து எடுப்பது இன்னொன்று. மனநிறைவு இரண்டாவதில்தான் கிடைக்கும். ஆனால் முதலாவதைச் சரிசெய்யாதவருக்கு அதற்கான தெம்பே மிஞ்சாது.

தூக்கமும் கூலியும்

தமிழ்நாட்டில் பெரும்பாலும் முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம். பத்திரிகையில் 4.30–6 என்று போட்டிருந்தால் பெண்ணின் அலங்காரம் இரவு ஒரு மணி, ஒன்றரைக்கே தொடங்கிவிடும். ரிசப்ஷன் வரிசை முடிந்து விளக்கை இறக்க 11 ஆகும். இரண்டையும் ஒரே ஆள் எடுத்தால் தூக்கம் இரண்டு மணி நேரம்கூட இருக்காது. தாலி கட்டும் நேரத்தில் கை தானாக ஷட்டரை அழுத்தும், கண் எதையும் பார்க்காது. அதனால் குழுவைப் பிரியுங்கள். ரிசப்ஷனை முன்னின்று எடுப்பவர் ஒருவர், முகூர்த்தத்துக்கு வேறொருவர். மண்டபத்திலேயே குழுவுக்கு ஓர் அறையும் முதல் பந்தியில் சாப்பாடும் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், எழுதியிருந்தால் பெண் வீட்டாரே மகிழ்ச்சியாக ஏற்பாடு செய்வார்கள். முகூர்த்தம் முடிந்த கையோடு பைக்கில் 60 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு ஊர் திரும்பவே கூடாது. தூங்கி எழுந்து போங்கள்.

அடுத்தது கூலி. ‘இரண்டு நாள் வேலை’ என்று நினைத்து விலை சொல்வதால்தான் பலர் நொந்துபோகிறார்கள். எண்ணிப் பாருங்கள். முன்சந்திப்பு அரை நாள். கல்யாணம் இரண்டு நாள். 3,000 படத்திலிருந்து 500 பொறுக்க அரை நாளுக்கு மேல். அந்த 500-ஐ ஒன்றுக்கு இரண்டே நிமிடம் வைத்துத் திருத்தினாலும் கிட்டத்தட்ட 17 மணி நேரம், அதாவது இரண்டு நாள். ஆல்பம் வடிவமைப்பும் திருத்தமும் இரண்டு நாள். மொத்தம் ஒரு வாரம். உங்கள் தொகையை ஏழால் வகுத்துப் பாருங்கள். வருவது உதவியாளருக்குக் கொடுக்கும் தினக்கூலியைவிடக் குறைவாக இருந்தால், எந்த நோக்கமும் உங்களைத் தாங்கிப் பிடிக்காது. முன்பணமாக 30 சதவீதம், ரிசப்ஷன் அன்று 50, ஆல்பம் அச்சுக்குப் போகும் முன் 20 என்று பிரித்து வாங்குவது பாதுகாப்பு.

ஒரே முகூர்த்தத்தில் மூன்று கல்யாணம் ஒப்புக்கொண்டு இரண்டுக்கு வேறு ஆளை அனுப்பும் பழக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் படத்தைப் பார்த்து உங்களை நம்பித்தான் அந்தப் பெண் பேசியிருக்கிறாள். வேறு ஆள் வருவதாக இருந்தால் முதல் பேச்சிலேயே சொல்லுங்கள். சொல்லாமல் அனுப்பினால் அந்த வீட்டின் வருத்தம் உங்கள் பேருக்கு வரும். அந்த நாளின் மகிழ்ச்சியில் உங்களுக்குப் பங்கும் இருக்காது.

பெயர்ப் பட்டியல்

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பு மாப்பிள்ளை, பெண் இருவரிடமும் தனித்தனியாக ஒரு மணி நேரம் பேசுங்கள். எந்த மாதிரி போஸ் பிடிக்கும் என்பதைவிட ஆட்களைப் பற்றி அதிகம் கேளுங்கள். உங்களை வளர்த்தவர் யார்? வயதானவர்களில் யார் யார் வருகிறார்கள், எங்கே உட்காருவார்கள்? நீண்ட நாள் பேசாமல் இருந்து இப்போது வருகிறவர் உண்டா? இன்னாரை இன்னார் பக்கத்தில் நிறுத்தக் கூடாது என்று ஏதாவது இருக்கிறதா? இறந்துபோன அப்பாவின் படம் மேடையில் வைக்கப்படுமா? பதில்களை 15, 20 பெயராக ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் உறவுமுறையும் அடையாளமும் குறித்து, உதவியாளருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். ‘பச்சைப் புடவை, மூக்குக்கண்ணாடி, பெண்ணின் பெரியம்மா’ என்று இருந்தால் போதும். இந்த ஒரு தாள் கையில் இருந்தால் கூட்டம் வெறும் கூட்டமாகத் தெரியாது. எந்த மண்டபமும் இன்னொன்றைப் போல இருக்காது.

சடங்கு வரிசையையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஊரில் ஒரே மாதத்தில்கூட வீட்டுக்கு வீடு மாறும். இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்காக 1967-ல் சேர்த்த 7ஏ பிரிவின்படி நடக்கும் சுயமரியாதைத் திருமணத்தில் உறுதிமொழியும் மாலை மாற்றலும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடலாம், வாழ்த்துரைதான் நீளும். நிக்காஹ் என்றால் பெண்கள் பகுதிக்குப் பெண் போட்டோகிராபர் தேவை. தேவாலயத்தில் ஃபிளாஷ் எங்கே கூடாது என்று பாதிரியாரிடம் முன்பே கேட்க வேண்டும். கோயில் கல்யாணத்தில் கேமராவுக்கு நிர்வாகத்தின் அனுமதியை வீட்டார் முதல் நாளே வாங்கி வைக்க வேண்டும், காலையில் கவுண்டரில் போய் நின்றால் முகூர்த்தம் போய்விடும்.

தாலி கட்டும் நேரம்

தாலி கட்டுவது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தவறினால் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் அது திடீரென்று வருவதும் இல்லை. தேங்காய் மேல் மஞ்சள் கயிற்றோடு தாலி வைத்த தட்டு சபையில் பெரியவர்களிடம் ஆசி வாங்கச் சுற்றி வரும். உதவியாளரை அந்தத் தட்டின் பின்னால் அனுப்புங்கள். சுருக்கம் விழுந்த கைகள் தொட்டுக் கும்பிடும் அந்தப் படங்களைப் பிற்காலத்தில் வீட்டார் தேடித் தேடிப் பார்ப்பார்கள். தட்டு மேடைக்குத் திரும்பியதும் நீங்கள் உங்கள் இடத்துக்கு வந்துவிட வேண்டும். அதன் பிறகு ஐயரின் கையைப் பாருங்கள். அவர் விரலை உயர்த்தி ஆட்டும்போது தவில்காரர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த நொடி கெட்டிமேளம்.

எங்கே நிற்பது? மாப்பிள்ளை பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தபடி சாய்ந்து கட்டுகிறார் என்றால், அவர் பக்கத்திலிருந்து எடுக்கும் படத்தில் அவருடைய கை பெண்ணின் முகத்தை மறைத்துவிடும். பெண்ணின் வெளிப்பக்கம், 45 டிகிரி கோணத்தில், முழங்காலிட்டு எடுங்கள். எழுந்து முன்னால் நின்று கட்டுகிறார் என்றால் நேர் எதிரில் அவருடைய முதுகுதான் தெரியும், அப்போது பெண்ணின் தோளுக்கு நேராகப் பக்கவாட்டில் போய்விடுங்கள். இரண்டாவது கேமரா 70–200 எம்எம் ஜூம் லென்ஸோடு நடுப்பாதையில் ஸ்டூல் மேல் நிற்கட்டும். வீடியோ எடுப்பவரோடு முதல் நாளே இடம் பேசி முடிவு செய்யுங்கள். பெண் வீட்டு மாமா ஒருவரிடம், ‘தாலி கட்டும்போது முன்னால் யாரும் நிற்காமல் நீங்கதான் பார்த்துக்கணும்’ என்று பொறுப்பைக் கொடுத்துவிட்டால் அவர் போலீஸைவிட நன்றாகப் பார்த்துக்கொள்வார். மற்ற இரண்டு முடிச்சுகளைப் பல வீடுகளில் நாத்தனார்தான் போடுவார். அவர் வருவதற்கும் பின்னால் இடம் விட வேண்டும்.

எடுக்கும்போது வழக்கமாகக் கெடுவது மூன்று. முதலாவது, அட்சதையும் பூவும் பறந்ததும் ஃபோகஸ் அவற்றின் மேல் தாவிவிடும். தொடர் ஃபோகஸில் பின்தொடரும் வேகத்தைக் குறைத்து வையுங்கள். பெண் தலை குனிந்திருப்பதால் கண்ணைத் தேடும் ஃபோகஸ் பின்னால் நிற்கும் அத்தையிடம் போய் நிற்கும். சிறிய ஒற்றைப் புள்ளியை மாப்பிள்ளையின் கைமேல் வைப்பது நம்பகமானது. ஃபுல்ஃபிரேம் கேமராவில் 35 எம்எம் லென்ஸை 2 மீட்டர் தூரத்தில் எஃப்/4 திறப்பில் வைத்தால் முக்கால் மீட்டர் ஆழத்துக்குத் தெளிவு கிடைக்கும், கையும் முகமும் இரண்டும் அடங்கும். எஃப்/1.4 என்றால் கால் மீட்டர்தான்.

இரண்டாவது, ஃபிளாஷ். முழு சக்தியில் வைத்தால் ஏஏ பேட்டரியில் மறுபடி நிரம்ப இரண்டு மூன்று நொடி பிடிக்கும், முடிச்சு விழுவது சரியாக அந்த நொடியில்தான். சக்தியை 1/8-க்கு இறக்கி, ஐஎஸ்ஓவை (சென்சார் ஒளியை உணரும் அளவு) 1600-லிருந்து 3200 வரை ஏற்றுங்கள், தொடர்ந்து அடிக்கும். மூன்றாவது, ஹோமப் புகை. கேமரா மேலிருந்து நேராக அடித்த வெளிச்சம் முதலில் புகையில் பட்டுத் திரும்புவதால் படம் முழுக்க வெளுத்துப்போகும். ஃபிளாஷைக் கழற்றி ஸ்டாண்டில் பக்கவாட்டில் வைத்தால் அதே புகை படத்துக்கு அழகு சேர்க்கும்.

ரிசப்ஷன் மேடைப் படங்களில் விழும் கறுப்புக் கோடுகள் வேறு வகை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்கு நொடிக்கு 100 முறை மங்கித் தெளியும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் அது பட்டை பட்டையாக விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/100 அல்லது 1/50 நொடி வையுங்கள்.

யாரும் கேட்காத படங்கள்

வீட்டில் ஒருவர் இறந்தால் மாலை போட்டு வைக்கவும் பத்திரிகையில் கொடுக்கவும் ஒரு படம் தேடுவார்கள். பெரும்பாலும் அது ஏதோ ஒரு கல்யாண குரூப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்ததாகத்தான் இருக்கும். 24 மெகாபிக்சல் கேமராவில் 50 பேர் நிற்கும் படத்தில் ஒரு முகத்துக்கு 200 பிக்சல் இருந்தால் அதிகம். 8×12 அங்குலச் சட்டத்துக்குத் தெளிவாக அச்சிட 2400×3600 பிக்சல் வேண்டும். அதனால்தான் அந்தப் படங்கள் எப்போதும் கலங்கித் தெரிகின்றன.

இதைச் சரிசெய்ய ஓர் ஆளுக்கு ஒரு நிமிடம் போதும். முகூர்த்தம் முடிந்து டிபன் சாப்பிட்டுவிட்டுப் பெரியவர்கள் முன்வரிசை நாற்காலியில் ஓய்வாக உட்காரும் 8, 9 மணிக்கு, மண்டப வாசல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் இடத்தில் ஒரு நாற்காலி போடுங்கள். 85 எம்எம் லென்ஸ், எஃப்/2.8, 1/160 நொடி. ‘பாட்டி, பேத்தி கல்யாணத்துக்கு உங்களுக்குன்னு ஒரு படம்’ என்று சொன்னால் புடவையைச் சரிசெய்துகொண்டு வந்து உட்காருவார். நடக்க முடியாதவர் என்றால் நாற்காலியோடு நீங்கள் போங்கள். காரணம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெரியவருக்கும் மார்பளவில் நான்கு படம், அதில் ஒன்று சிரிக்காமல். பல வருடம் கழித்து அந்த வீட்டிலிருந்து வரும் ஒரு தொலைபேசி அழைப்பில் இந்த வேலையின் அர்த்தம் புரியும்.

பெண்ணின் அம்மாவும் அப்பாவும் ஆல்பத்தில் குறைவாகவே இருப்பார்கள். ஒருவர் சமையல்கட்டுக்கும் மேடைக்கும் அலைவார், இன்னொருவர் பணம் எண்ணிக்கொண்டிருப்பார். ரிசப்ஷன் இரவே கேமராவில் புரட்டி அவர்கள் எத்தனை படத்தில் வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். குறைந்தால் மறுநாள் ஈடுகட்டலாம். நாதஸ்வரக்காரர், பூ கட்டுபவர், சமையல் மாஸ்டர் இவர்களுக்கும் ஒரு நல்ல படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

நிறத்தை மாற்றாதீர்கள். இதில் சமரசமே வேண்டாம். கறுத்த பெண்ணை வெளுப்பாக்கித் தரும் போட்டோகிராபர், அவள் அம்மாவின் சாயலையே படத்திலிருந்து அழித்துவிடுகிறார். மேக்கப் முடிந்ததும் ஃபிளாஷோடு ஒரு சோதனைப் படம் எடுங்கள். சில பவுடர் கண்ணுக்குத் தெரியாமல் ஃபிளாஷில் மட்டும் வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். அழகுக்கலைஞரிடம் அப்போதே காட்டினால் துடைத்துச் சரிசெய்வார். வண்ணத்தைச் சரிபார்க்கும்போது முகத்தைவிட முன்கையை நம்புங்கள், அங்கே மேக்கப் குறைவு.

கல்யாணம் முடிந்த பிறகு

இரண்டு கார்டு போடும் கேமராவில் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகட்டும். வீடு திரும்பியதும் இரண்டு வெவ்வேறு ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து, திறந்து பார்த்த பிறகே கார்டை அழிக்க வேண்டும். ஒரு நகல் வேறு வீட்டில் இருக்கட்டும்.

முதல் வாரத்திலேயே 20 படம் அனுப்புங்கள். அதில் மணமக்கள் இரு குடும்பத்தோடும் சடங்கில் இருக்கும் நேரான படங்கள் இருக்கட்டும். வெளிநாட்டுக்குப் போகும் தம்பதிக்கு, துணைவர் விசா விண்ணப்பத்தில் ஆதாரமாகச் சேர்க்க அவைதான் உதவும். தேர்வுக்கு 3,000 படத்தையும் கொட்டினால் ஆறு மாதம் ஆனாலும் பதில் வராது, உங்கள் கடைசித் தவணையும் வராது. 500 மட்டும் கொடுத்து 30 நாள் கெடு வையுங்கள். ஆல்பத்தின் 12×36 அங்குல விரிப்பில் (எதிரெதிர் இரண்டு பக்கம்) ஆறு படத்துக்கு மேல் திணிக்க வேண்டாம். இன்ஸ்டாகிராமில் போட எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், அலங்கார அறையில் எடுத்தவற்றுக்குத் தனியாக.

கடைசியாக, பெயர்கள். கல்யாணம் முடிந்ததும் ஸ்டுடியோவுக்குப் போய் ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்ட தலைமுறையின் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத் திட்டமொன்றின் உதவியோடு தேடி டிஜிட்டலாக்கியிருக்கிறது. அப்படி மிஞ்சும் பழைய படங்களில் முகம் துல்லியமாக இருக்கும், யார் என்று சொல்ல ஆள் இருக்க மாட்டார்கள். உங்கள் படத்துக்கு அந்த நிலை வராமல் தடுக்கலாம். ஒவ்வொரு குரூப் போட்டோவின் மெட்டாடேட்டாவிலும் (படக்கோப்புக்குள்ளேயே பதியும் குறிப்பு) தேதி, ஊர், இடமிருந்து வலமாகப் பெயர்கள். தமிழ் யூனிகோடில் அப்படியே தட்டலாம். பட்டியல் ஏற்கெனவே உங்களிடம் இருப்பதால் ஒரு மாலை வேலைதான். ஆல்பத்தின் கடைசிப் பக்கத்திலும் அதே பெயர்களை அச்சிடுங்கள்.

ஆடியில் கல்யாணம் இருக்காது. சென்சார் துப்புரவு, வீங்கிய பேட்டரிகளைக் கழித்தல், பழைய டிஸ்க்குகளைத் திறந்து சோதித்தல் எல்லாம் அந்த மாதத்துக்கு. அடுத்த சீசனுக்கான காலண்டரையும் அப்போதே எடுங்கள். மாதத்தில் எட்டு முகூர்த்தம் இருந்தால் ஐந்து போதும் என்று முடிவு செய்து மற்ற மூன்றையும் பேனாவால் அடித்துவிடுங்கள். வெறுமனே விட்டுவைத்த தேதியைத் தெரிந்தவர் யாராவது கேட்டு வாங்கிவிடுவார்.