தசைப்பாலத்தில் ஸ்டென்ட்: கேத் லேபில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் சேலத்தில், இதய ரத்தக்குழாயைப் படமெடுக்கும் கேத் லேபில் ஒரு ஆஞ்சியோ. திரையைப் பார்த்ததும் பயிற்சி டாக்டர், "சார், எல்.ஏ.டி. (இதயத்தின் முன்பக்க முக்கிய ரத்தக்குழாய்) நடுவில் நல்ல அடைப்பு. ஸ்டென்ட் எடுக்கச் சொல்லட்டுமா?" என்றார். படத்தை மெதுவாக ஓட்டச் சொன்னேன். இதயம் சுருங்கும்போது குழாய் நூலாக இளைத்தது. விரிந்ததும் பழையபடி நிரம்பியது. அது அடைப்பே இல்லை. இதயத்தின் மேலே ஓட வேண்டிய ரத்தக்குழாய் கொஞ்ச தூரம் தசைக்குள் புகுந்து போகிறது. அதன் மேல் கிடக்கும் தசைதான் தசைப்பாலம். பிறவியிலேயே வருவது, பலருக்கு ஆயுசு முழுக்கத் தொந்தரவே தராது.

மாத்திரைக்கு முன்னால் ஸ்டென்ட்

இதை நானே செய்திருக்கிறேன், இன்றும் உறுத்துகிறது. இதே தசைப்பாலம் உள்ளவர், ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். மூட்டையோடு மேடு ஏறினால் நெஞ்சை அடைக்கும். ஒரு மாத்திரைகூடக் கொடுத்துப் பார்க்காமல் ஸ்டென்ட் வைத்தேன். படம் பார்க்க அழகாக இருந்தது. ஏழாவது மாதம் அதே வலியோடு இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் இறங்கி வந்தார். உள்ளே ஸ்டென்ட் கம்பி முறிந்து, சதை வளர்ந்து, வழி மூடியிருந்தது. கடைசியில் பைபாஸ்.

நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் ஒரு நாளைக்கு லட்சத்துக்கு மேல். அத்தனை முறையும் தசை அந்தக் கம்பியை நெரிக்கிறது. சரியாக விரியவில்லையே என்று பலூனை அழுத்தி ஊதினால் குழாய் கிழியவும் கூடும். மருந்து பூசிய ஸ்டென்ட் பழையதைவிடப் பரவாயில்லை. ஆனாலும் நெரிப்பு நிற்பதில்லை.

வலி இருந்தால் முதலில் இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை. துடிப்பு குறைந்தால் இதயம் விரிந்திருக்கும் நேரம் நீளும், குழாய் நிரம்ப அவகாசம் கிடைக்கும், நெரிப்பின் வேகமும் தணியும். ஆஸ்துமாக்காரருக்கு அதற்குப் பதிலாக டில்டியாசெம் போன்ற மாத்திரைகள். அதற்கும் கேட்காவிட்டால் மேல்தசையைப் பிரித்துவிடும் அறுவை சிகிச்சை அல்லது பைபாஸ் பற்றி சர்ஜனோடு பேசுங்கள். அதுவும் முடியாதவருக்குத்தான் ஸ்டென்ட்.

நாக்கடியில் சார்பிட்ரேட்

ஆஞ்சியோவில் ரத்தக்குழாயை விரிக்கும் நைட்ரோ மருந்து கொடுத்தால் நெரிப்பு இன்னும் பளிச்சென்று தெரியும். அதே வகை மருந்தான சார்பிட்ரேட்டை நாக்கடியில் வைத்தால், அதே காரணத்தால் நோயாளிக்கு வலி கூடலாம்.

பாலத்துக்கு முன்னால் உள்ள கொழுப்பு

அது நிஜ அடைப்பு. அங்கே ஸ்டென்ட் தேவைப்படலாம். ஆனால் ஸ்டென்ட்டின் நுனி பாலத்துக்குள் நீளக் கூடாது.

போன வாரத்து நோயாளிக்கு மெட்டோபுரொலால் என்ற பீட்டா பிளாக்கர் எழுதிக் கொடுத்தோம். அடுத்த மாதம் டிரெட்மில் பார்க்க வரச் சொல்லியிருக்கிறோம்.