சஸ்பென்ஷனைத் தொடும் முன் டயர் காற்றைக் குறையுங்கள்

அன்றாடம் ஓட்டும் காரிலேயே ஜவ்வாது மலையின் மண்பாதைகளுக்குப் போகிறவர்கள், சஸ்பென்ஷனை உயர்த்தப் பணம் கொடுக்கும் முன் டயர் காற்றைக் குறைத்துப் பாருங்கள். வழக்கமாக 33 பி.எஸ்.ஐ. வைக்கும் வண்டியென்றால், தார்ச்சாலை முடியும் இடத்தில் 25 வரை இறக்கி, 30 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓட்டினால் போதும்.

சாலையின் அதிர்வை முதலில் வாங்குவது ஸ்பிரிங் அல்ல, டயர்தான். காற்று குறைந்தால் அது கல்லின் மேல் துள்ளாமல் வளைந்துகொடுக்கிறது. தரையைத் தொடும் பரப்பும் நீள்வதால் மண்ணில் பிடிமானம் கூடுகிறது. சஸ்பென்ஷனை உயர்த்த ஸ்பிரிங்குக்கு மேல் வைக்கும் ஸ்பேசர் என்ற கட்டையோ உயரத்தை மட்டுமே தரும், சொகுசைத் தராது. கூடவே சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம் மாறி அதன் மூட்டுகள் சீக்கிரம் தேயும்; வீல் அலைன்மென்ட் செலவும் வந்து சேரும்.

அடிப்பாகம் இடிப்பதுதான் உங்கள் பிரச்சினை என்றால் இது உதவாது. காற்று குறைந்தால் வண்டி இன்னும் சற்றுத் தாழத்தான் செய்யும். ஆளும் சுமையும் நிறைய ஏற்றியிருந்தாலோ, பக்கச்சுவர் உயரம் குறைந்த டயர் என்றாலோ வேண்டாம்.

12 வோல்ட் காற்றுப் பம்ப் ஒன்று வண்டியில் கட்டாயம் இருக்கட்டும். குறைந்த காற்றோடு சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறி வேகம் பிடித்தால் டயர் சூடேறி வெடிக்கலாம். அடிவாரத்துப் பஞ்சர் கடை ஞாயிற்றுக்கிழமை மாலையில் திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.