ஹெட்போன் ஆம்ப் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

ஹெட்போன் ஆம்ப் (ஹெட்போனுக்குப் போகும் சிக்னலைப் பெருக்கும் கருவி) தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது எத்தனை வாட் என்பதைத்தான். அந்த எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. 32 ஓமில் 1 வாட் தரும் ஆம்ப், அதே வோல்டேஜில் 300 ஓமில் கிட்டத்தட்ட 107 மில்லிவாட்தான் தரும். உங்கள் ஹெட்போனுக்கு எத்தனை வோல்ட், எத்தனை மில்லிஆம்பியர் வேண்டும் என்று முதலில் கணக்குப் போடுங்கள்.

இதற்கு இரண்டு எண்கள் போதும்: இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு ஹெட்போன் காட்டும் தடை, ஓமில்), சென்சிட்டிவிட்டி (குறிப்பிட்ட பவருக்கோ வோல்டேஜுக்கோ எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பது). பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோவின் 250 ஓம் மாடலை எடுத்துக்கொள்வோம். 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். இசையின் உச்சங்கள் 110 டெசிபல் வரை சிதையாமல் போனால் வீட்டுக்குத் தாராளம். அது நொடிப்பொழுது உச்சம் மட்டுமே. அந்த அளவிலேயே தொடர்ந்து கேட்டால் காது கெட்டுவிடும். இன்னும் 14 டெசிபல் தேவை, அதாவது 25 மடங்கு பவர், 25 மில்லிவாட். 0.025 வாட்டை 250 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 2.5 வோல்ட். அதை 250-ஆல் வகுத்தால் 10 மில்லிஆம்பியர்.

இதே கணக்கை 37 ஓம், 94 டெசிபல் உள்ள பிளேனர் (தட்டையான சவ்வு அதிர்ந்து ஒலிக்கும் வகை) ஹெட்போனுக்குப் போட்டால் 1.2 வோல்ட், 33 மில்லிஆம்பியர் வரும். முன்னதற்கு வோல்டேஜ் வேண்டும், பின்னதற்குக் கரண்ட். சென்ஹைசர் எச்டி 650 போன்றவற்றுக்கு சென்சிட்டிவிட்டியை 1 வோல்ட்டுக்கு 103 டெசிபல் என்று கொடுத்திருப்பார்கள். அதை மில்லிவாட் கணக்கோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே 110-ஐ எட்ட 2.2 வோல்ட் போதும்.

கணக்கில் 1 வோல்ட்டுக்குக் கீழே வந்தால் தனி ஆம்ப் தேவையே இல்லை. 1 வோல்ட் தரும் ஒரு நல்ல யுஎஸ்பி டாங்கிள் (ஃபோனிலோ லேப்டாப்பிலோ செருகும் சிறு ஹெட்போன் அடாப்டர்) போதும், மிச்சப் பணத்தை ஹெட்போனில் போடுங்கள்.

அடுத்து அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்பின் சொந்த உள்தடை. இது ஹெட்போன் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. 32 ஓமுக்கு 4 ஓம், இயர்போன்களுக்கு 1 ஓமுக்கும் கீழே. காரணம் இதுதான்: பல டிரைவர் (ஒலி எழுப்பும் பாகம்) உள்ள இன்-இயர் ஒன்றின் இம்பீடன்ஸ் ஓர் அலைவெண்ணில் 5 ஓமாகவும் இன்னொன்றில் 30 ஓமாகவும் இருக்கலாம். 10 ஓம் அவுட்புட் இம்பீடன்ஸ் உள்ள ஆம்பில் செருகினால் அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே 7 டெசிபல் வித்தியாசம் விழும். பாட்டே வேறு மாதிரி கேட்கும். பழைய ஸ்டீரியோ ரிசீவர்கள் பலவற்றில் ஹெட்போன் ஜாக்குக்கு முன்னால் நூறு ஓமுக்கு மேல் ரெசிஸ்டர் இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ஆம்ப்களும் அப்படித்தான். எட்டில் ஒரு பங்கைத் தாண்டினாலும் 300 ஓம் ஹெட்போனோடு அவை இனிமையாகவே ஒலிக்கும், 32 ஓமோடு வேண்டாம்.

ஸ்பெக்கில் இந்த எண் இல்லையென்றால் நீங்களே அளக்கலாம். 100 ஹெர்ட்ஸ் சைன் டோன் ஓடவிட்டு, லோடு இல்லாமல் (எதையும் செருகாமல்) அவுட்புட்டில் ஏசி வோல்டேஜை அரை வோல்ட்டுக்கு வையுங்கள். பிறகு 33 ஓம் ரெசிஸ்டரைக் குறுக்கே போட்டு மறுபடி பாருங்கள். 0.500 வோல்ட் 0.485-ஆக இறங்கினால் அவுட்புட் இம்பீடன்ஸ் சுமார் 1 ஓம். மலிவான மல்டிமீட்டர்களில் ஏசி ரேஞ்ச் 200 வோல்ட்டில்தான் தொடங்கும். இதற்கு 2 வோல்ட் ரேஞ்ச் உள்ள மீட்டர் வேண்டும்.

கெய்ன் (ஆம்ப் வோல்டேஜை எத்தனை மடங்கு பெருக்கும் என்பது) அதிகமாக இருப்பது நல்லது என்று நினைக்கிறார்கள். 2 வோல்ட் தரும் டிஏசியோடு (டிஜிட்டல் இசையை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி) 2.5 வோல்ட் வேண்டிய ஹெட்போனுக்கு 1.25 மடங்கு போதும். 10 மடங்கு கெய்ன் இருந்தால் வால்யூம் குமிழைக் கொஞ்சம் திருப்பினாலே காதைப் பிளக்கும். அந்தக் கீழ்ப்பகுதியில்தான் பொட்டென்ஷியோமீட்டரின் (குமிழுக்குள் இருக்கும் மாறும் ரெசிஸ்டர்) இடது, வலது பக்கங்கள் ஒத்துப்போகாது. குரல் ஒரு காதுக்குச் சாயும். பின்னணி இரைச்சலும் கூடும். 1 மடங்கு, 3 மடங்கு என்று சுவிட்ச் உள்ளதை வாங்குங்கள்.

பேலன்ஸ்டு அவுட்புட் (ஒவ்வொரு சேனலின் பிளஸ், மைனஸ் இரண்டையும் ஆம்ப் தனித்தனியாக ஓட்டும் வகை) வோல்டேஜை இரட்டிப்பாக்கும், கூடவே அவுட்புட் இம்பீடன்ஸையும். கணக்கு கேட்டால் மட்டும் எடுங்கள். பேலன்ஸ்டு ஜாக்கிலிருந்து சாதா 3.5 மில்லிமீட்டருக்கு அடாப்டர் போடவே கூடாது. இரு சேனல்களின் மைனஸும் ஷார்ட் ஆகி ஆம்ப் எரியலாம்.

அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். சில ஆம்ப்களுக்கு ஏசியையே வெளியே தரும் டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் வரும். 115 வோல்ட் என்று அச்சிட்டதை 230-இல் செருகினால் புகைந்துவிடும், அதற்குப் பதிலாக டிசி அடாப்டரும் உதவாது. லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் ‘ம்ம்’ சத்தம் நின்றால் கோளாறு கிரவுண்ட் லூப் (கருவிகளின் கிரவுண்ட் கம்பிகள் வளையமாக இணைவது), ஆம்ப் அல்ல. டிஏசிக்கு மின் இணைப்பே இல்லாத ஆப்டிகல் (ஒளி) கேபிளில் சிக்னல் கொடுத்தால் தீரும்.