சீட்டில் எழுதிக் கேட்ட கேள்வி

“கீமோ நடக்கும்போது நாங்கள் தாம்பத்தியமாகச் சேர்ந்து இருக்கலாமா?” என்று டாக்டரிடம் வாயால் கேட்க எனக்கு வரவில்லை. பிளவுஸ் அளவு எழுதும் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, கேள்வியை எழுதி, ரிப்போர்ட் ஃபைலுக்குள் வைத்துக் கொடுத்தேன். அவர் படித்ததும் என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உங்களுக்கும் கூச்சமா? சீட்டு எழுதுங்கள், இல்லையென்றால் கீமோ வார்டு சிஸ்டரிடம் கேளுங்கள். வெளியே இத்தனை பேர் காத்திருக்கும்போது டாக்டராக இந்தப் பேச்சை எடுப்பார் என்று நம்பியிருக்க வேண்டாம்.

நான் தையல்காரி. 47 வயதில் சினைப்பையில் புற்றுநோய், மூன்றாம் நிலை. மூன்று கீமோ, ஆபரேஷன், மறுபடி மூன்று கீமோ.

கீமோவுக்கு 21 நாள் கணக்கு. முதல் வாரம் உடம்பு அடித்துப் போட்டது போல இருக்கும். இரண்டாவது வாரம் கொஞ்சம் தேறியது போலத் தோன்றும். ஏமாறாதீர்கள், பெரும்பாலும் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போவது அப்போதுதான். தொற்று சுலபமாக ஒட்டும். ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட்டும் குறைந்திருந்தால் ரத்தக் கசிவு வரலாம். அதனால் மூன்றாவது வாரத்தை எங்களுக்கென்று வைத்துக்கொண்டோம், அதுவும் ரத்தப் பரிசோதனை நன்றாக இருந்தால்தான்.

ஆணுறை கட்டாயம். கீமோ மருந்து சில நாட்களுக்கு உடம்பின் திரவங்களில் கலந்து வெளியே வரும். எனக்குக் குறைந்தது ஒரு வாரம் என்று சொன்னார்கள். உங்கள் டாக்டர் சொல்லும் கணக்கு வேறாக இருக்கலாம், அதையே பின்பற்றுங்கள். “குடும்பக் கட்டுப்பாடு பண்ணி 20 வருஷம் ஆச்சு, இப்போ போய் மெடிக்கல்ல இதைக் கேட்கணுமா?” என்று இவர் முனகினார். பக்கத்துத் தெருக் கடையை விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டு வரை போய் வாங்கி வந்தார். கர்ப்பப்பை இன்னும் இருக்கும் இளவயதுக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: சிகிச்சை நேரத்தில் கரு தங்கவே கூடாது.

ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றில் தொப்புளுக்கு மேலிருந்து கீழ்வரை நீளத் தையல். அது பிரித்ததும் எல்லாம் ஆறிவிட்டது என்று நினைத்தேன். கர்ப்பப்பையை எடுத்த இடத்தில், பெண்ணுறுப்பின் உள்முனையையும் தைத்திருப்பார்களாம். வெளித் தையலைப் பிரிக்கிற எனக்கு உள் தையல் ஞாபகம் வந்திருக்க வேண்டும்! அது ஆற 6 முதல் 8 வாரம் ஆகும். நாட்களை எண்ணிவிட்டு நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். டாக்டர் உள்ளே பரிசோதித்துச் சரி என்று சொல்ல வேண்டும்.

அப்புறம் வறட்சி. இரண்டு சினைப்பையையும் எடுத்தால், அதுவரை மாதவிலக்கு வந்துகொண்டிருந்த பெண்ணுக்கு ஒரே நாளில் நின்றுவிடும். திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும், ஆசை குறையும், உள்ளே மணல் காகிதம் போல எரியும். முதல் தடவை பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டேன், தப்பு. வலித்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். எண்ணெய் இல்லாத, தண்ணீரால் ஆன (water-based) வழுக்கும் லூப்ரிகன்ட் ஜெல் மெடிக்கலில் கிடைக்கும், தாராளமாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், ரப்பர் ஆணுறை அதில் கிழியும். ஈஸ்ட்ரோஜன் கிரீமை யாரோ சொன்னார்கள் என்று வாங்காதீர்கள். சினைப்பைப் புற்றுநோயில் சில வகைகள் ஹார்மோனுக்கு வளரக்கூடியவை, உங்கள் புற்றுநோய் டாக்டரைக் கேட்டே போடுங்கள். பக்கவாட்டில் படுத்தால் வயிற்றில் பாரம் விழாது. நீங்கள் மேலே இருந்தால் எவ்வளவு ஆழம் என்பது உங்கள் கையில். தையல் மேல் சின்னத் தலையணை வைத்துக்கொள்வது எனக்கு உதவியது.

எதற்குமே மனம் வராத வாரங்களும் உண்டு. எனக்கு முடியோடு புருவமும் போயிருந்தது. கண்ணாடியில் யாரோ ஒருத்தி. மாமியார் நல்லெண்ணத்தில்தான் இவரை ஹாலில் படுக்கச் சொன்னார், நோய் தொற்றும் என்று பயம். சிஸ்டர் இவரிடமே சொன்னார்: “இது ஒட்டுற நோய் இல்ல சார், கட்டிப் பிடிச்சுக்கலாம், பக்கத்துல தூங்கலாம்.” அன்று ராத்திரி பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். கீமோவால் என் விரல் நுனிகள் மரத்திருந்தன, ஊசி குத்தினாலும் தெரியாது. அவர் கையைப் பிடித்தாலும் சரியாகத் தெரியவில்லை. அதனால் முதுகைத் தடவிவிடச் சொன்னேன். ரொம்ப நாளைக்கு அது மட்டும்தான்.

சேர்ந்த பிறகு ரத்தம் பட்டாலோ, துர்நாற்றத்தோடு வெள்ளை போனாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த நம்பருக்கு உடனே போன் போடுங்கள். எங்கள் வீட்டில் அந்த நம்பர் தையல் மெஷின் மேல் சாக்பீஸால் எழுதியிருக்கும்.